ஒளியால் எழுதிய தகடு

எழுதக் கற்ற நாள் முதலாக, எழுதியது நிலைத்து நிற்குமோ என்ற கவலையும் மனிதனைத் தொடர்ந்து வந்திருக்கிறது. கல்லில் வெட்டினான்; செம்பில் பொறித்தான்; ஓலையில் கீறினான்; தாளில் அச்சிட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பகை இருந்தது. கல்லுக்கு மழையும் வெயிலும், செம்புக்கு அதை உருக்குவோனும், ஓலைக்குக் கறையானும், தாளுக்கு நெருப்பும் பகையாயின. அண்மைக் காலத்தில் மனிதன் ஒளியைக் கொண்டு ஒரு தகட்டின்மீது எழுதக் கற்றான். எழுத்தை மட்டுமன்றி, அசையும் காட்சியையும் பேசும் குரலையும் தன் வீட்டு மேசையிலிருந்தே எழுதினான். அந்தத் தகட்டைப் பற்றியும், அதில் எழுதும் கருவியையும் அதற்குத் துணையான மென்பொருள்களையும் மக்கள் எவ்வாறு தேர்ந்தனர் என்பதைப் பற்றியும் மாணவ நேயர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

கருவி வாங்குவது கடைத்தெருக் காரியம். அதில் வரலாறு என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் கேட்கலாம். கேள்வி முறையானதே. மன்னர்கள் செய்த போர்களையும் உடன்படிக்கைகளையும் நாம் வரலாறு என்று படிக்கிறோம். ஆனால் 1990-ஆம் ஆண்டுக்கும் 2010-ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், எண்ணற்ற குடும்பங்கள் தங்கள் வீட்டுத் திருமணங்களையும், குழந்தைகளின் முதல் நடையையும், இன்று நம்மிடையே இல்லாத பெரியோர்களின் முகத்தையும் குரலையும் இந்தத் தகடுகளிடம் ஒப்படைத்தன. ஆகவே இத்தகட்டின் வரலாறு நம் வீட்டு அலமாரியின் வரலாறுமாகும். அந்த ஒப்படைப்பு எவ்வளவு பாதுகாப்பானது என்பதே நான் ஆராயப் புகுந்த கேள்வி.

கதை இசையிலிருந்து தொடங்குகிறது. ஹாலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பான் நாட்டுச் சோனி நிறுவனமும் கூடி வகுத்த குறுந்தகடு 1982-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 12 சென்டிமீட்டர்; கனம் 1.2 மில்லிமீட்டர். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும் ஒரே சுருள் கோட்டில், கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி அவற்றுள் 1.6 கூறுதான். லேசர் ஒளி அக்கோட்டில் படும்போது பள்ளத்திலிருந்து ஒருவிதமாகவும் சமதளத்திலிருந்து மற்றொருவிதமாகவும் திரும்பும். அவ்வேறுபாட்டைக் கருவி எண்களாகப் படித்து இசையாக மாற்றிவிடும்.

இத்தனை நுண்ணிய எழுத்தின்மீது ஒரு தூசி விழுந்தால், ஒரு கீறல் பட்டால் என்ன ஆகும்? இங்கேதான் கணிதம் கைகொடுத்தது. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்னும் அறிஞர் இருவர், சிதைந்த செய்தியிலிருந்து சரியான செய்தியை மீட்டுத் தரும் குறிமுறை ஒன்றை வெளியிட்டனர். குறுந்தகட்டில் அம்முறையே கையாளப்பட்டது. சுருள் கோட்டில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் முழுவதும் அழிந்துபோனாலும், மிஞ்சியவற்றைக் கொண்டு அழிந்ததைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். இது ஒரு பெரிய வரம். ஆயினும் இந்த வரத்துக்குள் ஒரு சூழ்ச்சியும் மறைந்திருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இசைத்தகடு ஆலையில் அச்சடிக்கப்படுவது. வீட்டில் இருப்பவர் அதைக் கேட்கலாம். அதில் எழுத இயலாது. இந்தத் தடையை உடைத்தது ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம். ஒருவகைக் கரிமச் சாயத்தைத் தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் பூசி, வலிய லேசர் ஒளியால் அச்சாயத்தை ஆங்காங்கே சுட்டால், சுட்ட இடம் பள்ளத்தைப் போலவே ஒளியை மாற்றித் திருப்பும் என்று 1988-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் காட்டியது. இவ்வாறு பிறந்ததே சி.டி.-ஆர் என்னும் எழுதக்கூடிய தகடு. தகட்டை 'எரிப்பது' என்று பொருள்படும் சொல் உலக வழக்கில் வந்ததற்குக் காரணம் இதுவே. எழுதும் கருவியை நம் கடைத்தெருவில் 'ரைட்டர்' என்றும் 'பர்னர்' என்றும் வழங்கினர். ஆலைத் தகட்டில் இருப்பது அச்சில் வார்த்த பள்ளம். வீட்டுத் தகட்டில் இருப்பதோ சாயத்தில் விழுந்த சூட்டுக்குறி. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, ஆயுளில் ஒன்றல்ல.

தொடக்கத்தில் இக்கருவிகளின் விலை பல்லாயிரம் டாலராக இருந்தது. 1995-ஆம் ஆண்டில் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் ஆயிரம் டாலருக்குட்பட்ட விலையில் ஒரு கருவியைக் கொணர்ந்தபோதுதான் வீட்டுக் கணினிக்கு அது எட்டும் பொருளாயிற்று. ஆனால் எழுதுவது எளிதாக இருக்கவில்லை. லேசர் எழுதத் தொடங்கிவிட்டால் நடுவில் நிற்றல் ஆகாது. கணினி வேறொரு வேலையில் ஈடுபட்டு, எண்களை அனுப்பச் சற்றே தாமதித்தாலும் தகடு பாழாகும். பாழான தகடுகள் தேநீர்க் கோப்பைக்கு அடித்தட்டாகவே பயன்படும் என்று மேல்நாட்டினர் நகைத்தனர். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானின் சான்யோ நிறுவனம், எழுத்து நின்ற இடத்தை நினைவில் வைத்து மீண்டும் அங்கிருந்தே தொடரும் முறையைக் கண்டு இத்துன்பத்தைப் போக்கியது. அக்காலத்தில் கருவி தேர்ந்தவர்கள் வேகத்தைக் குறிக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாமல், இந்தக் காப்பு உள்ளதா என்று கேட்டு வாங்கினர். அது நல்ல கேள்வி.

கருவி மட்டும் போதாது. அதை ஆளும் மென்பொருளும் வேண்டும். அமெரிக்காவில் அடாப்டெக் நிறுவனத்தின் ஈசி சி.டி. கிரியேட்டர் பரவியது. ஜெர்மனியிலிருந்து நீரோ பர்னிங் ரோம் என்பது வந்தது. இப்பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. படிக்க மட்டும் இயலும் நினைவகத்தை ரோம் என்று சுருக்கிச் சொல்வர். ஜெர்மன் மொழியில் ரோமாபுரிக்கும் அதே எழுத்துகளே பெயர். நீரோ மன்னன் காலத்தில், கி.பி. 64-ஆம் ஆண்டில், ரோமாபுரி எரிந்த கதையை வைத்துத் 'தகட்டை எரிக்கும் நீரோ' என்று பெயரிட்டனர். அதன் சின்னத்தில் எரிந்துகொண்டிருப்பது கொலோசியம் என்னும் வட்டரங்கு. வரலாறு பயிலும் மாணவர்கள் இங்கே புன்னகை செய்யலாம். நீரோ இறந்தது கி.பி. 68-இல், வட்டரங்கு திறக்கப்பட்டதோ கி.பி. 80-இல். இல்லாத கட்டடத்தை நீரோ எவ்வாறு எரித்திருக்க முடியும்?

இனிக் காட்சிக்கு வருவோம். காட்சியைத் தகட்டில் ஏற்றுவது எளிதன்று. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படத்திலும் 576 கோடுகள். அவற்றை எண்களாக அப்படியே எழுதினால் ஒரு மணி நேரக் காட்சிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள் தேவைப்படும். ஆதலால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் குறித்துக் காட்சியைச் சுருக்கும் முறைகளை அறிஞர்கள் வகுத்தனர். அவற்றுள் ஒன்றான எம்பெக்-1 முறையைக் கொண்டு 1993-ஆம் ஆண்டில் வீடியோ சி.டி. தோன்றியது. ஒரு தகட்டில் 74 நிமிடக் காட்சி அடங்கிற்று. படத்தின் தெளிவு குறைவுதான்; ஆனாலும் விலை மலிவு. மேல்நாடுகள் பெரிதும் பொருட்படுத்தாத இத்தகடு சீனத்திலும், தென்கிழக்காசியாவிலும், இந்தியாவிலும் வீடுதோறும் நுழைந்தது. நம் ஊர்த் திருமண வீடியோக்கள் நாடா உருளையை விட்டுத் தகட்டுக்கு மாறியது இவ்வழியாகத்தான்.

இதே காலத்தில் ஒளிப்படக் கருவியும் மாறிற்று. 1995-ஆம் ஆண்டில் டி.வி. என்னும் எண்முறை நாடா வந்தது. ஃபயர்வயர் என்ற ஒற்றைக் கம்பியால் கேமராவைக் கணினியோடு இணைத்து, காட்சியைச் சிறிதும் தேயாமல் இறக்கிக் கொள்ள முடிந்தது. ஆனால் ஒரு மணி நேர நாடாவுக்குக் கணினியின் வன்தட்டில் சுமார் 13 ஜிகாபைட் இடம் வேண்டும். விண்டோஸ் 98 போன்ற அமைப்புகளிலோ ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் வளர இயலாது. காட்சியைத் துண்டு துண்டாக இறக்கி ஒட்டவேண்டிய நிலை. கேமராவில் இவ்வளவு தெளிவான படம் இருக்க, அதைச் சிறிய குறுந்தகட்டில் நெருக்கி அடைப்பது பெருங்குளத்து நீரைச் செம்பில் மொள்வது போலாயிற்று. இன்னும் பெரிய தகடு தேவைப்பட்டது.

அத்தேவையை நிறைவேற்றியது டி.வி.டி. இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்ற நிறுவனங்களைக் கணினித் தொழிலார் வற்புறுத்தி ஒன்றுசேர்க்க, 1995-ஆம் ஆண்டின் இறுதியில் பொதுவான ஒரு வடிவம் உடன்பாடாயிற்று. 1996 நவம்பரில் ஜப்பானில் முதற் கருவிகள் விற்பனைக்கு வந்தன. அகச்சிவப்பு ஒளிக்கு மாற்றாக அலைநீளம் குறைந்த சிவப்பு ஒளியைக் கொண்டதால் பள்ளங்கள் இன்னும் சிறியவாயின. சுற்றுகளின் இடைவெளி 1.6 கூறிலிருந்து 0.74 கூறாகக் குறைந்தது. அதே 12 சென்டிமீட்டர் தகட்டில் 470 கோடி எழுத்தளவு செய்தி அடங்கிற்று. எம்பெக்-2 முறையில் சுருக்கிய இரண்டு மணி நேரக் காட்சிக்கு இது போதும். கடையில் 4.7 ஜிகாபைட் என்று அட்டையில் போட்டிருக்க, கணினி 4.37 என்று காட்டுவதைக் கண்டு பலர் கடைக்காரரோடு வழக்காடினர். ஆயிரத்தால் வகுப்பதா, 1,024-ஆல் வகுப்பதா என்ற கணக்கு வேறுபாடே அது. யாரும் யாரையும் வஞ்சிக்கவில்லை.

படிக்கும் தகட்டில் ஒன்றுபட்ட நிறுவனங்கள் எழுதும் தகட்டில் மீண்டும் பிரிந்தன. வீட்டு மக்களைப் பல ஆண்டுகள் திகைக்க வைத்த போட்டி இதுதான். 1997-ஆம் ஆண்டில் பயனியர் நிறுவனம் டி.வி.டி.-ஆர் எழுதும் முதற் கருவியை 17,000 டாலர் விலையில் கொணர்ந்தது. மட்சுஷிட்டா, ஹிட்டாச்சி, டோஷிபா ஆகியவை டி.வி.டி.-ராம் என்ற வேறொரு தகட்டை முன்வைத்தன. பிலிப்ஸ், சோனி, ஹியூலெட் பேக்கர்ட், ரிக்கோ முதலியவை தனியே கூடி டி.வி.டி.+ஆர்.டபிள்யூ என்பதை வகுத்தன. முன்னதைக் கடைக்காரர்கள் 'மைனஸ்' என்றும் பின்னதைப் 'பிளஸ்' என்றும் அழைத்தனர். கழித்தற்குறிக் கட்சியும் கூட்டற்குறிக் கட்சியும் மோத, நடுவில் நின்ற குடும்பத் தலைவர் எந்தக் குறியைத் தேர்வது என்று அறியாமல் விழித்தார்.

2001 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம், எழுதும் கருவி பொருத்திய கணினியை 3,499 டாலருக்கு அறிவித்தது, ஐ-டி.வி.டி. என்ற எளிய மென்பொருளையும் உடன் தந்தது. ஒரு குடும்பம் தன் விழாவைத் தானே படம் பிடித்து, தானே தொகுத்து, தானே தகடாக்கித் தொலைக்காட்சியில் பார்க்கலாம் என்ற நிலை அப்போது பிறந்தது. அதே ஆண்டில் கூட்டற்குறிக் கருவிகளும் வந்தன. அவை பலமுறை அழித்து எழுதும் தகட்டுக்கு உரியவை. மறு ஆண்டில் ஒருமுறை மட்டும் எழுதும் மலிவான டி.வி.டி.+ஆர் தகடு வந்தபோது, முந்தைய ஆண்டின் முதற் கருவிகளால் அதில் எழுத முடியவில்லை. ஓராண்டு முந்தி வாங்கியவர்கள் ஏமாந்தனர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டும் பொருந்துவதன்று.

இந்தப் போட்டி எவ்வாறு முடிந்தது? எந்த மாநாடும் அதை முடிக்கவில்லை. 2002-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சோனி நிறுவனம் இரு குறித் தகடுகளிலும் எழுதும் ஒரே கருவியைக் கொணர்ந்தது. மக்கள் அத்தகைய கருவியையே நாடினர். பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்ற, எந்தக் குறி என்ற கேள்வியே சில ஆண்டுகளில் பொருளற்றதாயிற்று. 2004-ஆம் ஆண்டில் இரண்டு அடுக்குத் தகட்டில் 850 கோடி எழுத்தளவு எழுதவும் முடிந்தது. ஒரு கட்சியைத் தேர்ந்தவரைவிட, இரண்டையும் படிக்கவும் எழுதவும் வல்ல கருவிக்குக் காத்திருந்தவர் நலம் பெற்றார். தேர்வில் இது முதற் பாடம்.

மென்பொருளின் வரலாறும் இதையே கூறுகிறது. வீட்டுக் காட்சியைத் தகடாக்குவதில் ஐந்து வேலைகள் உண்டு. கேமராவிலிருந்து இறக்குதல், வெட்டித் தொகுத்தல், எம்பெக் முறையில் சுருக்குதல், அத்தியாயமும் பட்டியலும் அமைத்துத் தகட்டின் வடிவுக்குக் கொணர்தல், இறுதியாகத் தகட்டில் எழுதுதல் என்பன அவை. ஐந்தையும் ஒரே பெட்டியில் தருவதாகச் சொன்ன விலையுயர்ந்த மென்பொருள்கள் பல இருந்தன. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே சிறந்த கருவிகளைத் தனி மனிதர்கள் ஆக்கித் தந்தனர். அமெரிக்காவில் ஏவரி லீ என்பவர் வெட்டித் தொகுப்பதற்கு விர்ச்சுவல்டப் என்னும் மென்பொருளை இலவசமாக வழங்கினார். ஜப்பானில் ஹிரோயூகி ஹோரி ஆக்கிய டி.எம்.பி.ஜி.-என்க் சுருக்கும் வேலையில் புகழ் பெற்றது. பிரான்சு நாட்டின் ஃபப்ரீஸ் பெல்லார் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக், இன்று காட்சியைக் கையாளும் எண்ணற்ற மென்பொருள்களுக்கு உள்ளுறுப்பாக விளங்குகிறது.

பாரிஸ் நகரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் செய்த செயல் உங்களுக்குச் சிறப்பாக உரியது. எகோல் சாந்திரால் என்னும் அக்கல்லூரியில் 1996-ஆம் ஆண்டில் மாணவர்கள் தங்கள் வளாகத்தின் வலைப்பின்னலில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக ஒரு முயற்சியைத் தொடங்கினர். 2001 பிப்ரவரியில் அதன் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அதுவே இன்று வி.எல்.சி. என்ற பெயரில் உலகெங்கும் வழங்குகிறது. பழைய வீடியோ சி.டி.யையும் அது காட்டும். புதிய கோப்பையும் காட்டும். மாணவர் விடுதியின் தேவைக்காகப் பிறந்த ஒன்று, பெருநிறுவனங்களின் விற்பனைப் பொருள்கள் பலவற்றினும் நீண்ட ஆயுள் பெற்றது. மூலநிரல் திறந்திருந்தமையால், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர முடிந்தது என்பதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

திறந்த வழிக்கு எதிராக ஒரு பூட்டும் இருந்தது. விற்பனைக்கு வந்த திரைப்பட டி.வி.டி.களில் சி.எஸ்.எஸ். என்னும் மறைகுறிப் பூட்டு இட்டிருந்தனர். 1999 அக்டோபரில் நார்வே நாட்டு இளைஞன் யோன் லெக் யோஹான்சன், பெயர் வெளியிடாத தோழர் இருவரோடு சேர்ந்து ஆக்கிய டி.சி.எஸ்.எஸ். என்னும் நிரல் அப்பூட்டைத் திறந்தது. அப்போது அவனுக்கு வயது 15. நார்வே அரசு வழக்குத் தொடுத்தது. 2003 ஜனவரியில் கீழ் நீதிமன்றமும், அதே ஆண்டு டிசம்பரில் மேல் நீதிமன்றமும் அவன் குற்றவாளி அல்லன் எனத் தீர்த்தன. தான் வாங்கிய தகட்டைத் தான் விரும்பிய கணினியில் பார்ப்பது குற்றமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை கூறிற்று. இந்தியாவும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் இத்தகைய பூட்டுகளுக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது. பிறர் படைப்பைத் திருடுதல் அறமன்று என்பதில் ஐயமில்லை. நம் வீட்டுத் திருமணத் தகட்டிலோ பூட்டு எதுவும் இல்லை. அதைப் படியெடுப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இத்தகடுகளை ஆக்குவதில் நம் நாடும் பெரும்பங்கு கொண்டிருந்தது. தில்லியையடுத்த நொய்டாப் பகுதியில் ஆலைகள் நிறுவிய மோசர் பேர், எழுதும் தகடுகளை உலகுக்கு வழங்கிய மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. 2007-ஆம் ஆண்டில் அது திரைப்படத் தகடுகளையும் விற்கத் தொடங்கி, வீடியோ சி.டி.க்கு 28 ரூபாய், டி.வி.டி.க்கு 34 ரூபாய் என்று விலை குறித்தது. தமிழ்ப் படங்களும் அவ்விலையில் கிடைத்தன. ஆனால் காலம் விரைந்து மாறிற்று. விரலளவு நினைவுக்கோலும், கைப்பேசியும், வலைவழிக் காட்சியும் தகட்டின் இடத்தைக் கைக்கொண்டன. எழுதும் தகட்டைப் பிறப்பித்த தையோ யூடென் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தொழிலை விட்டது. மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-ஆம் ஆண்டில் தீர்ப்பாயம் ஆணையிட்டது. எழுதும் புளூ-ரே தகடுகளையும், கேமராவின் மினி டி.வி. நாடாக்களையும் ஆக்குவதை 2025 பிப்ரவரியில் சோனியும் நிறுத்தியது.

ஆலைகள் மூடுகின்றன, தகடுகள் வீட்டில் இருக்கின்றன. அவற்றின் நிலை என்ன? முன்னர் நான் குறிப்பிட்ட சூழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். சாயம் வெப்பத்தாலும் ஒளியாலும் ஈரத்தாலும் சிறிது சிறிதாக மங்குகிறது. பிழை திருத்தும் கணிதம் அந்த மங்கலை நம் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்துவிடுகிறது. நாடாவில் படம் தேயத் தேய நாம் காண்போம். தகட்டிலோ இன்று படம் பளிச்சென்று தெரியும். பிழைகள் திருத்தும் எல்லையைக் கடந்த நாளில், படம் உறைந்து நின்றுவிடும். நோய் முற்றும் வரை முகத்தில் குறி தெரியாத நோயாளியைப் போன்றது இத்தகடு. ஆதலால் 'நேற்றுப் பார்த்தேன், நன்றாக ஓடியது' என்ற சொல்லை நம்பியிருத்தல் கூடாது.

பாதுகாப்புக்குச் சில விதிகள் உண்டு. அமெரிக்காவின் தேசிய அளவை நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு அவற்றைத் தொகுத்துரைக்கிறது. தகட்டைக் குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். ஒட்டும் காகிதச் சீட்டு ஆகாது. கூரிய பேனாவால் மேற்பரப்பில் எழுதுதல் ஆகாது. இதற்கொரு காரணம் உண்டு. குறுந்தகட்டில் எழுத்துப் படலம் பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய பூச்சு ஒன்றின்கீழ் உள்ளது. அடிப்பக்கக் கீறலைவிட மேற்பக்கக் கீறலே அதற்கு ஆபத்து. டி.வி.டி.யிலோ 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரு தட்டுகளின் நடுவே அப்படலம் அமைந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல், அடிப்பக்கத்தைப் பட்டுத் துணியால் துடைத்துவிட்டு மேற்பக்கத்தை மேசைமீது தேய்ப்போர் பலர்.

விதிகள் ஆயுளை நீட்டுமேயன்றி நிலைபேற்றைத் தரமாட்டா. இன்று செய்யத்தக்கது படியெடுத்தல். பெரும்பாலான புதிய மடிக்கணினிகளில் தகட்டுக் கருவி இல்லை, ஆயினும் யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. சி.டி., டி.வி.டி. இரு குறிகள், இரண்டடுக்கு ஆகிய அனைத்தையும் படிக்கும் கருவியைத் தேருங்கள். கேமராவில் பயன்பட்ட 8 சென்டிமீட்டர் சிறு தகடு வீட்டில் இருந்தால், தட்டு வெளியே வரும் கருவியே வேண்டும். துளை வழியே விழுங்கும் கருவி அதற்கு ஒவ்வாது. அச்சிறு தகடுகளை எழுதி முடித்தபின் 'ஃபைனலைஸ்' என்னும் நிறைவுச் செயலைச் செய்யாமல் விட்டிருந்தால், பிற கருவிகள் அவற்றைப் படிக்காமல் போகலாம். எழுதிய கேமரா இன்னும் இயங்கினால், அதிலேயே நிறைவு செய்து கொள்க.

டி.வி.டி.யாயின் தகடு முழுவதையும் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒரே கோப்பாகப் படியெடுத்து வன்தட்டில் வைப்பதே முதல் வேலை. விண்டோஸ் கணினியில் இம்க்பர்ன், லினக்ஸ் கணினியில் கே-3-பி ஆகியவை இதைச் செய்யும். கீறல் மிகுந்த தகட்டுக்கு ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் பொறுமையோடு பலமுறை முயன்று படித்ததைச் சேர்த்துத் தரும். வீடியோ சி.டி.க்கு இம்முறை ஒவ்வாது. அதன் காட்சிக் கோப்பை வி.எல்.சி. மூலம் திறந்து எடுத்துக் கொள்ள வேண்டும். கைப்பேசியில் பார்க்கச் சிறிய கோப்பு வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் உதவும். ஆனால் மறுபடி சுருக்கும்போது தெளிவு சற்றுக் குறையும். சுருக்கியதை வைத்துக்கொண்டு மூலப் படியை அழித்துவிடாதீர்கள். படியெடுத்தபின் தொடக்கமும் நடுவும் இறுதியும் ஓட்டிப் பாருங்கள். ஒரு படியை வீட்டிலும் மற்றொரு படியை வேறோர் உறவினர் இல்லத்திலும் வையுங்கள். யார் திருமணம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்; பெயரில்லாத காட்சி, சில தலைமுறைக்குப்பின் அறிமுகமில்லாதவர் முகமாகிவிடும்.

நம் ஏட்டுச் சுவடிகள் எவ்வாறு நம் கைக்கு வந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஓலை ஆயிரம் ஆண்டு வாழ்ந்ததால் அவை வரவில்லை. ஓலை பழுதுறுமுன் யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார். அவருக்குப்பின் மற்றொருவர் எழுதினார். எழுதாமல் விட்ட ஏடுகள் போயின. ஆயிரம் ஆண்டு நிலைக்கும் தகடு என்று விளம்பரம் செய்து கனிமப் படலத் தகடுகள் இன்றும் விற்கப்படுகின்றன. அவை சாயத் தகட்டினும் உறுதியானவையே. ஆயினும் தகடு நிலைத்து, அதைப் படிக்கும் கருவி உலகில் இல்லாமற்போனால் பயன் என்ன? பொதுவான வடிவமும், திறந்த மென்பொருளும், காலந்தோறும் படியெடுக்கும் வழக்கமும் ஆகிய இம்மூன்றையே இருபது ஆண்டுப் போட்டியின் முடிவாக நான் காண்கிறேன்.

மாணவர்களே, உங்கள் இல்லங்களில் இந்த வேலைக்கு ஏற்றவர்கள் நீங்கள்தாம். பெரியோர்களிடம் தகடுகள் இருக்கின்றன. கருவியைக் கையாளும் திறன் உங்களிடம் இருக்கிறது. வரும் விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். பாட்டியாரை அருகில் அமர்த்திக்கொண்டு, திரையில் தோன்றும் ஒவ்வொருவரும் யார் என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். தகட்டில் இருப்பதைக் கணினி படித்துவிடும். யார் யார் என்று சொல்ல அவரால்தான் முடியும்.